ரெண்டுமுனை சாரும் ஐந்தாம் நம்பர் ட்ரஃபும்

யாழினி, முகில், இதை உங்கள் இருவருக்காகத்தான் எழுதுகிறேன். உலகத்தில் கணக்குப் பண்டிதர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் தேயிலைக் கொழுந்துக் குவியலுக்குள் தோள் வரைக்கும் கையை விட்டுக்கொண்டு, "இதுக்கு விடையே இல்லீங்க!" என்று சந்தோஷத்தில் குதித்த ஒரே மனிதர் நம் வீட்டுக்கு அடுத்த வீட்டில்தான் குடியிருந்தார். உங்களுக்கு அவரை ரெண்டுமுனை சார் என்றுதான் தெரியும். ஊருக்கும் அப்படித்தான். அவருடைய நிஜப் பெயர் கேஸ் புத்தகத்தில் இருந்தது. சிலிண்டர் போடுகிறவரைத் தவிர வேறு யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். கணக்கில் முப்பத்தைந்து. அதிலும் ஒரு மார்க் வாத்தியாருடைய இரக்கம். ஆகையால் கீழே கணக்கு வருகிற இடங்களில் தப்பு இருந்தால் அது என்னுடையது. அவர் சரியாகத்தான் சொல்லியிருப்பார்.

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகிற ரோட்டில், ஃபேக்டரிக்குக் கீழே பேக்கரிக்காரருக்கு மூன்று வீடுகள் வரிசையாக இருந்தனவே, அதில் நடுவீடு நம்முடையது. கடைசி வீட்டுக்கு ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் இவர் வந்து சேர்ந்தார். ஒல்லி, நாற்பது வயது, மங்கி கேப். இரண்டு தகரப் பெட்டி நிறையக் காகிதம், ஒரு குக்கர், ஒரு ஜமுக்காளம். வேலை வெலிங்டனில் ஒரு ஆபீஸில் கிளார்க். ஆராய்ச்சி கணக்கில், பார்ட் டைமாக. அந்த பார்ட் டைம் அப்போதே பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

வந்த அன்று சாமானை இறக்கி வைத்தவர், முதல் வேலையாக உங்கள் அம்மா துணி காயப்போட்டிருந்த கயிற்றின் முன்னால் போய் நின்றுவிட்டார். பத்து நிமிஷம். உங்கள் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏனுங்க, என்னங்க பாக்கறீங்க?"

"கயித்தோட ரெண்டு முனையும் ஆணியில இருக்குதுங்க."

"ஆமாங்க."

"ரெண்டு முனையிலயும் என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியும். நடுவுல என்ன ஆகும்ங்கறதுதானுங்க என்னோட வேலை."

"நடுவுல என்னங்க ஆகும்? சேலை காயும். மழை வந்தா அதுவும் காயாது."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போனார். சாயங்காலத்துக்குள் அவருக்கு ரெண்டுமுனை சார் என்று பெயர் விழுந்துவிட்டது. வைத்தது உங்கள் அம்மா. ஊரெல்லாம் பரப்பியது பேக்கரிக்காரர்.

பேக்கரிக்காரர் விசாரணையில் கெட்டிக்காரர். தன் வீட்டில் குடியிருக்கிறவன் என்ன செய்கிறான் என்று தெரியாவிட்டால் அவருக்கு வர்க்கி மாவு பொங்காது. ஒரு நாள் பேக்கரிக்கு டீ குடிக்க வந்த சாரை மடக்கினார். நானும் இருந்தேன்.

"சார், அந்தக் கணக்குக்கு விடை எவ்வளவுங்க?"

"அது தெரியாதுங்க."

"பதினோரு வருஷமா போட்டும் தெரியலீங்களா?"

"எவ்வளவுன்னு நாங்க பாக்கறதில்லீங்க. விடை இருக்குதா, இல்லையா. ஒண்ணா, ரெண்டா. இருந்தா எப்படி நடந்துக்கும். அவ்வளவுதானுங்க. அதுலயும் பூஜ்யத்துக்கு மேல இருக்கற விடைய மட்டுந்தான் சேத்துக்குவோம். கீழ போனா வேண்டாம்."

"சரி, இருக்குதுங்களா?"

"சில சமயம் இருக்குதுங்க."

பேக்கரிக்காரர் என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன்.

சார் விடவில்லை. ஒரு வர்க்கியை எடுத்து நடுவில் வைத்துக்கொண்டு விளக்கினார். "இப்ப உங்க அடுப்புல தீய ரெண்டு மடங்கு ஏத்தினா வர்க்கி ரெண்டு மடங்கு நல்லா வேகுமுங்களா?"

"கரிஞ்சு போயிரும்."

"அதேதானுங்க! ரெண்டு மடங்கு போட்டா ரெண்டு மடங்கு வராது. அந்த மாதிரிக் கணக்குதான் என்னோடது. அதுல ரெண்டு விடை இருக்குதுங்க. ஒண்ணு சின்னது, நல்ல புள்ளையாட்டம் ஒரு எடத்துல நிக்கும். இன்னொண்ணு பெரிசு, தொட்டாலே ஓடிரும். தீய ஏத்த ஏத்த ரெண்டும் கிட்டக் கிட்ட வருமுங்க. ஒரு எல்லையில ரெண்டும் ஒண்ணாயிரும். அதைத் தாண்டினா ரெண்டுமே காணாமப் போயிரும்."

"காணாமப் போயிருமா? எங்கீங்க போகும்?"

"அதுதானுங்க பதினோரு வருஷம்."

அதற்குப் பிறகு பேக்கரிக்காரர் அவரிடம் கணக்கைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் அந்த வர்க்கிக்கும் டீக்கும் காசு வாங்கவும் இல்லை.

யாழினி, நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது நடந்தது உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. வீட்டுப்பாடம். நாற்பத்தேழில் பதினெட்டு போனால் எத்தனை. பக்கத்து வீட்டிலேயே இவ்வளவு பெரிய கணக்குப் புலி இருக்கும்போது நான் எதற்கு விரலை மடக்க வேண்டும் என்று உன்னை அங்கே அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்து நோட்டோடு வந்தாய். அதில் அவர் கையெழுத்தில் அழகாக எழுதியிருந்தது: "விடை இருக்கிறது. ஒன்றே ஒன்றுதான். பூஜ்யத்தைவிடப் பெரியது."

மறுநாள் மிஸ் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார். நான் போய், பக்கத்து வீட்டில் ஆராய்ச்சி செய்கிறவர் எழுதிக் கொடுத்தார் என்றேன். மிஸ் அதை மறுபடி ஒரு தரம் படித்தார். "தப்புன்னு சொல்ல முடியலைங்க. ஆனா மார்க்கும் போட முடியாது" என்றார்.

முகில், உன் கதை இதைவிட மோசம். மழைக்காலத்தில் அவருடைய காகிதமெல்லாம் ஈரம் கோத்துக்கொண்டு அப்பளம் மாதிரி நெளியும். ஆகையால் அவற்றை வரிசையாகத் தரையில் பரப்பி வைத்திருப்பார். அந்த ஒற்றை அறைக்குள் போக வேண்டுமானால் வரப்பில் நடக்கிற மாதிரி காகிதங்களுக்கு நடுவில் கால் வைத்து நடக்க வேண்டும். நீ அப்போது தவழ்கிற பிள்ளை. வரப்பு உனக்குத் தெரியாது. ஒரு நாள் உள்ளே புகுந்து நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை எடுத்துப் பாதிக்குமேல் தின்றுவிட்டாய். உங்கள் அம்மா பதறிக்கொண்டு ஓடினாள். அவர் உன் வாயிலிருந்து மீதியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பரவால்லீங்க. இந்தப் பக்கத்த நம்பி பின்னால ஒண்ணும் நிக்கல. புள்ளைக்கு வயித்துக்கு ஒண்ணும் பண்ணாதுங்களே?"

இப்படிப்பட்ட மனிதர் என் வேலையில் குறுக்கே வந்தார். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன்.

ஃபேக்டரியில் நான் ஒன்பது வருஷம் விறகு யார்டில் இருந்தவன். மரத்தைத் தூக்கித் தூக்கி முதுகு போய்விட்டது. டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "இனிமே மரம் தூக்கினா படுக்கைதான்" என்றார். எங்கள் டீ மேக்கர், தேயிலை தயாரிப்புக்கு மொத்தப் பொறுப்பானவர், நல்ல மனுஷர், கொஞ்சம் யோசித்து என்னை மாடிக்கு அனுப்பினார். கொழுந்து வாட்டுகிற மாடிக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டுப் பார்ப்போம் என்று.

மாடியில் நீளநீளமாக ஆறு ட்ரஃப் இருக்கும். இடுப்பு உயரத்தில் கம்பி வலை, அதன் மேல் கொழுந்து, அடியில் ஃபேன் காற்று. பறித்து வந்த கொழுந்து அதில் வாடி, துணி மாதிரித் துவள வேண்டும். பிறகுதான் மெஷினுக்குப் போகும். பறித்தாலும் கொழுந்துக்கு உயிர் இருக்கிறது, மூச்சு விடும், சூடு விடும். காற்று இல்லாமல் குவிந்து கிடந்தால் தன் சூட்டில் தானே வெந்து சிவந்துபோகும். சிவந்தால் அந்தத் தேயிலையை யாரும் சீந்த மாட்டார்கள்.

நான் மாடிக்குப் போன மூன்றாவது வாரமே ஒரு ட்ரஃப் சிவந்துவிட்டது. டீ மேக்கர் சத்தம் போடவில்லை. ஒரு விரலைக் காட்டினார். "மாணிக்கம், இது ஒண்ணு. ரெண்டாவது ஆச்சுன்னா எங்கையில ஒண்ணுமில்ல. மறுபடி விறகுதான்."

விறகு என்றால் படுக்கை. படுக்கை என்றால் நீங்கள் இரண்டு பேர், உங்கள் அம்மா, நான் எல்லோரும் பேக்கரிக்காரர் வீட்டைக் காலி செய்துவிட்டுத் திருப்பூருக்கோ எங்கோ போக வேண்டியதுதான். அதனால் மாடியில் நான் தூங்குகிற பூனையைச் சுற்றி நடக்கிற மாதிரி நடந்தேன். மணிக்கு ஒரு தரம் சோதனை. மாடியில் சோதனைக்கு ஒரு வழக்கம் உண்டு. மேலே ஒரு கை, கீழே ஒரு கை. புறங்கையைக் கொழுந்தின் மேல் வைத்துப் பார்ப்போம். பிறகு குனிந்து வலைக்கு அடியில் வைத்துப் பார்ப்போம். இரண்டும் குளிர்ச்சியாக இருந்தால் நல்லது. அந்த ஃபேக்டரி கட்டின நாளிலிருந்து அப்படித்தான்.

ரெண்டுமுனை சார் ஞாயிற்றுக்கிழமைகளில் மாடிக்கு வருவார். வீட்டில் ஈரம், மாடியில் காகிதம் காயும் என்று. ஜன்னல் ஓரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பார். கொழுந்து பரப்புகிற சரசக்கா அவரைச் சும்மா விடாது.

"ஏனுங் சார், ஆபீஸுக்கு லீவு உட்டா ஊட்டுல தூங்காம, எங்க கொழுந்தோட சேந்து நீங்களும் வாடறீங்களாக்கும்?"

"எனக்கு இன்னும் வாட்டம் பத்தலீங்க அக்கா."

"பத்தலையா? ஒரு ஃபேனப் போட்டா பறந்துருவீங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் விஷயம். நல்ல மழைக்குப் பிறகு கொழுந்து வெள்ளமாக வந்துகொண்டிருந்த சமயம். ஆறாம் நம்பர் ட்ரஃபில் வலை கிழிந்து ரிப்பேரில் கிடந்தது. டீ மேக்கர் குன்னூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்; நாலு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு. காலையில் எதிர்பார்க்காமல் இரண்டு வேன் கொழுந்து கூடுதலாக வந்து நின்றது. திருப்பி அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை. போட இடமும் இல்லை. ஐந்தாம் நம்பரில் இருக்கிற கொழுந்தின் மேலேயே எல்லாவற்றையும் கொட்டச் சொன்னேன். வழக்கமான கனத்துக்கு இரண்டு மடங்கு. கனம் இரண்டு மடங்கு என்றால் வாட இரண்டு மடங்கு நேரம். வேறு என்ன ஆகிவிடும் என்பது என் கணக்கு. முப்பத்தைந்து மார்க் கணக்கு.

பதினோரு மணிக்கு ரோட்டில் எங்கோ மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் கீழே மெஷின்களுக்கே சரியாக இருக்கும். மாடி ஃபேனுக்கு வராது. நான் பயந்து ஐந்தாம் நம்பரில் கை வைத்துப் பார்த்தேன். மேலே ஜில்லென்று இருந்தது. ஜன்னல் வழியாக மஞ்சு, மலைப் பனிமூட்டம், உள்ளே வந்துகொண்டிருந்தது. கீழே குனிந்து பார்த்தேன். அங்கும் ஜில். பன்னிரண்டு மணிக்குப் பார்த்தேன், ஜில். ஒரு மணிக்கும் ஜில். நிம்மதியாகச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.

ஸ்டூலிலிருந்து குரல் வந்தது. "மாணிக்கம், மேல எப்படிங்க இருக்குது?"

"குளுருதுங் சார்."

"கீழ?"

"அதுவும் குளுருதுங்க."

"அப்ப நடுவுல?"

"சார், மேலயும் கீழயும் குளுந்தா நடுவுலயும் குளுருந்தானுங்க. பத்து வருஷமா ஃபேக்டரில இருக்கறவன் நான்."

"நான் பதினோரு வருஷமா நடுவுல இருக்கறவனுங்க" என்று சொல்லிக்கொண்டே எழுந்து வந்தார். ஸ்வெட்டர் கையைத் தோள் வரைக்கும் சுருட்டினார். மாட்டு மருத்துவர் மாதிரி கொழுந்துக்குள் கையைச் சொருகினார். மணிக்கட்டு போனது, முழங்கை போனது, தோளும் போனது. கன்னம் கொழுந்தில் ஒட்டியது. மங்கி கேப் ஒரு பக்கம் சாய்ந்தது. முகம் மாறியது.

"அய்யோ!" என்றார். பிறகு, "சுடுதுங்க!" என்றார். பிறகு கையை வெளியே எடுக்காமலே குதிக்க ஆரம்பித்தார். "சுடுது மாணிக்கம்! பதினோரு வருஷமா காயிதத்துல இருந்தது, இங்க கை சுடுதுங்க! ரெண்டு முனையும் குளுருது, நடுவுல சுடுது!"

சரசக்கா கையிலிருந்த கூடையைப் போட்டுவிட்டது. "சாருக்கு என்னமோ ஆயிருச்சு. மாணிக்கம், வாட்ச்மேனைக் கூப்புடு!"

நான் அவருக்குப் பக்கத்தில் என் கையை விட்டேன். முழங்கை வரைக்கும் குளிர்ச்சி. அதற்குக் கீழே காய்ச்சல் கண்ட பிள்ளையின் வயிறு மாதிரி இருந்தது.

"கொஞ்சந்தானுங்க சார் சூடு," என்றேன். எனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி. "மஞ்சு எறங்குது. ஆறிரும்."

"ஆறாதுங்க," என்றார் அதே குஷியில். "ஒரு கனம் வரைக்கும், உள்ள பொறக்கற சூடும் வெளிய போற சூடும் சமாதானம் ஆயி ஒரு எடத்துல நின்னுக்கும். நீங்க அந்தக் கனத்தைத் தாண்டிட்டீங்க. இதுக்கு விடையே இல்லீங்க! இனி நிக்கறதுக்கு எடமே கெடையாது. ஏறிட்டே போகும். ஏற ஏற இன்னும் வேகமா…"

அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார். குதிப்பு நின்றது. டீ மேக்கர் காட்டிய அந்த ஒரு விரலைப் பற்றி நான் அவரிடம் ஒரு தரம் சொல்லியிருந்தேன். கையை மெதுவாக வெளியே எடுத்தார். அதில் கொழுந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு எடம் வேணுங்க?" என்றார்.

எவ்வளவு என்று அவர் கேட்டு நான் அதுவரை கேட்டதில்லை.

"எடமே இல்லீங்களே சார். மாடி பூராக் கொழுந்து. கீழ மெஷின்."

"எல்லாத்தையும் எடுக்க வேண்டாங்க. கனத்தப் பாதி பண்ணிட்டாப் போதும். பாதியாக்கினா பயம் பாதியாகாது, காலாயிரும். பாதிக் கொழுந்தப் பரப்ப எடம் வேணும்." ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். தெரிந்தது மூன்று வீடுகளின் தகரக் கூரை. "நம்ம ஊடு இருக்குதுங்களே."

கொழுந்து வீட்டுக்குப் போவதா? அந்த மாதிரி அக்கிரமம் எங்கள் ஃபேக்டரியில் நடந்ததே இல்லை. ஆனால் யோசிக்கக் கையில் நேரம் இல்லை. சரசக்காவும் மாடியில் இருந்த இன்னும் நாலு பெண்களும் நானும் சாருமாகச் சாக்கில் அள்ளி, சரிவில் சறுக்கிக்கொண்டு இறங்கினோம். சரசக்கா வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தது. "கணக்குப் போடறவன ஃபேக்டரிக்குள்ள உட்டா இப்படித்தான். எங்கப்பன் காலத்துல கொழுந்து மேல போச்சு. இன்னிக்குக் கீழ வருது."

உங்கள் அம்மா வாசலில் நின்று மூன்று சாக்கைப் பார்த்தாள். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து, இருக்கிற போர்வையெல்லாம் தரையில் விரித்தாள். முகில், உன்னைத் தூக்கி அரிசி டிரம் மேல் உட்கார வைத்தாள். பேக்கரிக்காரர் வர்க்கித் தட்டுகளைத் துடைத்து எடுத்து வந்து தன் வராண்டாவில் அடுக்கினார். நம் வீடு நிறைந்தது, வராண்டா நிறைந்தது. இன்னும் ஐந்து சாக்கு பாக்கி இருந்தது.

சார் தன் கதவைத் திறந்தார். உள்ளே தரை முழுவதும் காகிதம். சுவரிலிருந்து சுவர் வரை, வரிசை தப்பாமல். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான் கேட்கட்டும் என்று அவர் காத்திருக்கவும் இல்லை. மண்டி போட்டு, வாசலில் சருகைக் கூட்டுகிற மாதிரி, இரண்டு கையாலும் பதினோரு வருஷத்தை ஒரே வாரலாக வாரி ஒரு காலிச் சாக்கில் திணித்தார். ஜமுக்காளத்தை உதறி விரித்தார். "போடுங்க. ஒரு சாண் கனத்துக்கு மேல வேண்டாம்."

பின்னால் வந்த உங்கள் அம்மாதான் கேட்டாள். "சார், பக்க நம்பராச்சும் போட்டிருக்கீங்களா?"

"நூத்திப் பன்னெண்டு வரைக்கும் போட்டிருந்தேனுங்க. தம்பி தின்னதுக்குப் பொறகு போடல."

நாலு மணிக்கு டீ மேக்கர் பட்டு வேஷ்டியும் நெற்றியில் சந்தனமுமாக ஜீப்பில் வந்தார். பேக்கரி வாசலில் வண்டி நின்றது. வர்க்கித் தட்டில் கொழுந்து. எட்டிப் பார்த்தால் நம் வீட்டில் கொழுந்து. அடுத்த வீட்டில் கொழுந்து.

"என்ன மாணிக்கம்? நான் ஒரு நாள் கல்யாணத்துக்குப் போனா ஃபேக்டரி குடி மாறிருச்சா?"

நான் ஒன்றையும் மறைக்கவில்லை. இரண்டு மடங்கு போட்டது நான்தான் என்றேன். மேலேயும் கீழேயும் கை வைத்து ஏமாந்ததும் நான்தான் என்றேன். ஐந்தாம் நம்பரின் வயிற்றிலிருந்து எடுத்த ஒரு கூடைக் கொழுந்தைத் தனியாக வைத்திருந்தோம். அது சிவக்க ஆரம்பித்திருந்தது. புளித்த பழ வாசனை. அதையும் காட்டினேன். அவர் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்துக் கீழே போட்டார். நம் வீட்டுத் தரையில் இருந்ததைப் புரட்டிப் பார்த்தார். பச்சையாகவே இருந்தது. விறுவிறுவென்று மாடிக்கு ஏறினார். பின்னாலேயே நான். முதுகு வலி கூட அப்போது தெரியவில்லை.

ஐந்தாம் நம்பர் முன்னால் நின்று, பழக்கத்தில் மேலே ஒரு கை வைத்தார். குனிந்து கீழே ஒரு கை வைத்தார். நிமிர்ந்தார். பிறகு கல்யாணச் சட்டையின் கையைச் சுருட்டி, முழங்கை வரைக்கும் நடுவில் விட்டார்.

ஆறியிருந்தது.

"இத யாரு சொன்னது, நடுவுல கை வுடச் சொல்லி?"

"பக்கத்து ஊட்டு சாருங்க. அவரு கணக்குல இந்தச் சூடு பதினோரு வருஷமா இருக்குதாமுங்க."

டீ மேக்கர் கையைத் துடைத்துக்கொண்டார். ஒரு விரல் வருமா, இரண்டு விரல் வருமா என்று நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் வரவில்லை.

"கரண்ட் வந்ததும் மொதல்ல அஞ்சாம் நம்பர ஓட்டு. ஊட்டுல இருக்கறத மெதுவா மேல கொண்டா. அந்தக் கூடைய எருக்குழில கொட்டிரு." படி வரைக்கும் போய்த் திரும்பினார். "நாளைக்கு ஏழு மணிக்கே வந்துரு. மாடிக்கு."

மாடிக்கு என்ற அந்த ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு நான் கீழே ஓடினேன். சார் தன் வீட்டு வாசற்படியில் காகிதச் சாக்கோடு உட்கார்ந்து வர்க்கி தின்றுகொண்டிருந்தார். சொன்னேன். "அப்படீங்களா, நல்லதுங்க" என்றார். பிறகு, "உள்ள சரியா எவ்வளவு சூடு இருந்துச்சுன்னு அளக்காம உட்டுட்டமே" என்று வருத்தப்பட்டார்.

மறுநாளிலிருந்து மாடியில் வழக்கம் மாறியது. மேலே ஒரு கை, கீழே ஒரு கை, நடுவில் ஒரு கை. "மனுசனுக்கு ரெண்டு கைதானேப்பா குடுத்திருக்கு," என்று சரசக்கா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் விடாமல் செய்தது.

அந்தச் சாக்கை அடுக்கி முடிக்க அவருக்கு இரண்டு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு காகிதமாக எடுத்து, இது எதற்கு முன்னால், எதற்குப் பின்னால் என்று பார்த்து வைத்தார். நடுநடுவே காய்ந்த கொழுந்து உதிரும். எனக்கு அந்தப் பக்கம் போகவே கூச்சமாக இருந்தது. ஒரு நாள் அவரே காகிதத்தை ஆட்டிக்கொண்டு நம் வீட்டுக்கு ஓடி வந்தார்.

"மாணிக்கம், அடுக்கறப்ப ஒரு தப்பு கண்டுபுடிச்சனுங்க! இதுக்குப் பொறகு எழுதின ரெண்டு வருச வேலை பூராத் தப்பு!"

எனக்கு உயிரே போய்விட்டது. "அய்யோ சார்…"

"நல்லவேளை கலைச்சோமுங்க!" என்றார் முகமெல்லாம் சிரிப்பாக. உங்கள் அம்மா அன்றைக்கு அவருக்கு ராகிக் களி கொடுத்தாள். இரண்டு வருஷம் போனதற்கு இவ்வளவு சந்தோஷப்படுகிற ஆளுக்கு வேறு என்ன கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் மூன்று மழைக்காலம் இங்கே இருந்தார். பிறகு கீழே சமவெளியில் எங்கோ மாற்றலாகிப் போய்விட்டார். போகிற அன்று இரண்டு தகரப் பெட்டியையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, உங்கள் அம்மாவின் துணிக்கயிற்றை ஒரு தரம் பார்த்தார். "போயிட்டு வாரனுங்க" என்றார். என்னிடமா கயிற்றிடமா, தெரியாது.

போன மாதம் ஒரு பார்சல் வந்ததே, அது அவருடைய புத்தகம். ஆராய்ச்சி முடிந்து பட்டம் வாங்கிவிட்டாராம். போனில் கூப்பிட்டேன். பழைய பேக்கரிக் கேள்வியையே கேட்டேன். "சார், கடைசில விடை எவ்வளவுங்க?" "இருக்குதுங்க," என்றார்.

யாழினி, நீதான் அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருந்த நன்றியைப் படித்துத் தமிழில் சொன்னாய். வழிகாட்டிய பேராசிரியருக்கு நன்றி. லீவு கொடுத்த ஆபீஸருக்கு நன்றி. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைச் சாப்பிட்ட நண்பருக்கு நன்றி. ஐந்தாம் நம்பர் ட்ரஃபுக்கு நன்றி. அவ்வளவுதான்.

"உங்க பேரு எங்கீங்க?" என்றாள் உங்கள் அம்மா. நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாடிக்குப் போனேன். சரசக்கா இன்னும் வந்திருக்கவில்லை. ஃபேன் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. கரண்ட் இருந்தது. ஐந்தாம் நம்பரில் கொழுந்து அளவான கனத்தில்தான் கிடந்தது, சோதிக்க ஒன்றுமில்லை. ஸ்வெட்டர் கையைத் தோள் வரைக்கும் சுருட்டிக்கொண்டு, படுக்கை வாட்டில் கொழுந்துக்குள் கையை விட்டேன். கன்னம் கொழுந்தில் படுகிற வரைக்கும். உள்ளே நல்ல குளிர்ச்சி. கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.